நிறுத்தாத, விளையாடு!

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்து எங்கள் பக்கம் கரும்பு வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். சனிக்கிழமை மத்தியானம். எங்கள் வீடு திருமானூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கொள்ளிடக் கரைப் பக்கம் இருக்கிறது. கொல்லைக் கதவைத் திறந்தால் கரும்பு வயல்தான். அந்த வாரம்தான் அதையும் வெட்டி முடித்திருந்தார்கள்.

காலையில் மாதா கோயிலில் ஒரு சொந்தக்காரப் பிள்ளைக்குப் புதுநன்மை, முதல் தடவை நற்கருணை வாங்குகிற சடங்கு. பூசை, சாப்பாடு எல்லாம் முடிந்து நான் மட்டும் வீடு திரும்பினேன். என் மகள் அவள் அத்தையோடு பெரம்பலூருக்குப் போயிருந்தாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தையும் ஹாஸ்டலையும் பார்த்துவிட்டு வருவதற்காக. பதினொன்றாம் வகுப்புக்கு அவளை அங்கேதான் சேர்க்க வேண்டும் என்பது கணவரின் பிடிவாதம். பெண் பிள்ளையைக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் விட மாட்டேன் என்பது என்னுடையது. இந்தச் சண்டையில் நாங்கள் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசாமல் இருந்தோம். அவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். அன்றைக்குக் காலை ஷிஃப்ட்.

எனக்கு மனசு சரியில்லாவிட்டால் ஒரு பழக்கம் உண்டு. சொன்னால் சிரிப்பீர்கள். டிவி கேம் ஆடுவேன். செல்போனில் ஆடுவது இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது என் அண்ணன் வாங்கி வந்த பழைய பெட்டி. மேலே கேசட் சொருகி ஆடுவோமே, அதேதான். வரதராஜன்பேட்டையில் எங்கள் அம்மா வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பரணிலிருந்து கிடைத்தது. அடாப்டரை மட்டும் மாற்றினோம், உயிர் வந்துவிட்டது. புது டிவியில் அது சேரவில்லை என்று, முன்பு அரசாங்கம் கொடுத்த பழைய கலர் டிவியைத் தூசி தட்டி ஒரு முக்காலி மேல் வைத்திருந்தேன்.

என்னிடம் இருந்தது ஒரே கேசட். நீலச் சட்டை போட்ட ஒரு குட்டி ஆள் வருவான். ஓடுவான், பள்ளத்தைத் தாண்டிக் குதிப்பான், எதிரே வருகிறவர்களைச் சுடுவான். மூன்று உயிர். முதலில் காடு, அப்புறம் உடைகிற பாலம், அதன் பிறகு ஒரு குகை. நாற்பதை நெருங்குகிற ஒரு டீச்சர் தரையில் உட்கார்ந்து இதை ஆடுவதைப் பார்த்து என் கணவர் தலையில் அடித்துக்கொள்வார். ஒரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

அன்றைக்குப் பட்டுப் புடவையைக்கூட மாற்றவில்லை. தோளில் குத்தியிருந்த பின்னை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு, டிவிக்கு முன்னால் காலை இடது பக்கம் மடக்கி உட்கார்ந்துவிட்டேன். ஜாய்ஸ்டிக் ஒயர் ரொம்பக் குட்டை. டிவியை ஒட்டித்தான் உட்கார வேண்டும். முந்தானை பின்பக்கம் தரையில் நீளமாகக் கிடந்தது. வீட்டுத் தரை டைல்ஸ். காற்று வரட்டும் என்று கொல்லைக் கதவைத் திறந்து போட்டிருந்தேன்.

பாலம் ஸ்டேஜில் பாதி தூரம் போயிருப்பேன். வாசலில் பைக் வந்து நின்றது. அவர்தான். வழக்கமாக செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்குப் போவார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சண்டையில் இருக்கிறேனே! ஆனால் காலடிச் சத்தம் வரவே இல்லை. நிலைப்படியிலேயே நின்றுவிட்டார் என்று புரிந்தது.

அந்த நேரம் பார்த்து என் ஆள் பள்ளத்தில் விழுந்தான். சரி, பேசாவிட்டாலும் டீயாவது போட்டு வைப்போம் என்று எழுந்திருக்கக் கையை ஊன்றினேன்.

"நிறுத்தாத" என்றார்.

"என்னது?"

"எந்திரிக்காத. அப்படியே ஒக்காந்து விளையாடு."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "ஒரு வார்த்தை பேசாம இருந்துட்டு, இப்ப வந்து நக்கலா பண்றீங்க?" என்று திரும்பப் போனேன்.

"திரும்பாத!" என்றார். சத்தமாக இல்லை. ஆனால் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உடனே குரலை இறக்கிக்கொண்டார். "திரும்பாதம்மா. டிவியப் பாரு. இந்த ஸ்டேஜ் எப்படி முடியுதுன்னு எனக்குப் பாக்கணும் போல இருக்கு."

அந்த 'ம்மா'வில் ஒரு நடுக்கம் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தக் குரலை ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். அவர் அப்பா இறந்த செய்தியை என்னிடம் சொல்ல வந்தபோது.

பெரம்பலூர் ரோடு முழுக்க லாரி. மகள் பஸ்ஸில் போயிருக்கிறாள். ஏதோ சேதி வந்திருக்கிறது, அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறார் என்றே நினைத்துவிட்டேன்.

"ஏங்க, புள்ளைக்கு ஏதாச்சுமா?"

"சீச்சீ. புள்ள நல்லாருக்கு. இப்பதான் பேசுனேன், ஹோட்டல்ல சாப்பிட்டுட்டு இருக்காங்களாம். நீ ஆடு. கைய மட்டும் அசை, ஒடம்ப அசைக்காம ஆடு பாப்போம்."

உடம்பை அசைக்காமல் ஆட வேண்டும் என்றால்? ஒன்றும் விளங்கவில்லை. வெயிலில் வந்தவருக்கு ஏதாவது ஆகிவிட்டதா? நெஞ்சு வலியா? கட்டைவிரல்கள் பாட்டுக்குப் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தன. காது முழுக்க அவர் பக்கம். பலகைகள் ஒவ்வொன்றாக உடைந்து விழ, என் ஆள் எப்படியோ அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தான். ஸ்டேஜ் முடிந்த இசை வந்தது. அடுத்த ஸ்டேஜ் வருவதற்கு முன் திரை மொத்தமும் கறுப்பானது.

பழைய டியூப் டிவியின் கண்ணாடி கொஞ்சம் புடைத்திருக்கும். கறுப்பாகிவிட்டால் கூடம் முழுவதும் அதில் தெரியும். வாசல் வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் நிலைப்படியில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நிற்கிற அவர் தெரிந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில், என் முதுகுக்குப் பின்னால், தரையில் கிடந்த முந்தானையின் மேல் ஏதோ சுருண்டிருந்தது. அதிலிருந்து ஒரு கரண்டி நிமிர்ந்து நிற்கிற மாதிரி ஒன்று மேலே எழும்பி இருந்தது.

படம் எடுத்து நின்ற பாம்பு.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் என் நிலைமை புரியும். எனக்குப் பாம்பு என்றால் பயம் என்று சொல்வது போதாது. பாடப்புத்தகத்தில் பாம்புப் படம் இருக்கிற பக்கத்தைத் தாள் ஒட்டி மறைத்துப் பாடம் நடத்துகிற ஆள் நான். டிவியில் காட்டினால் ரூமை விட்டே ஓடுவேன். ஒரு தடவை தோட்டத்தில் ரப்பர் டியூபைப் பார்த்துக் கத்திய கத்தலில் எதிர்வீட்டு அண்ணன் அரிவாளோடு ஓடி வந்தார். இதெல்லாம் என் கணவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் சொல்லாமல் நிற்கிறார். சொன்னால் நான் துள்ளி எழுவேன். துள்ளினால் முந்தானை இழுபடும். முந்தானை மேல் இருப்பது சும்மா இருக்குமா?

இவ்வளவும் அந்த ஒரு நொடியில் எனக்குப் புரிந்தது. ஆனால் கத்தல் வரவில்லை. மங்கள வார்த்தை ஜெபம் சொல்லலாம் என்றால் முதல் வரிக்கு மேல் ஞாபகம் வரவில்லை. சின்னப் பிள்ளையிலிருந்து தினமும் சொல்கிற ஜெபம்!

திரையில் குகை வந்தது. என் ஆள் குதித்து இறங்கினான். கட்டைவிரல் தானாக அழுத்தியது, அவன் ஓடினான்.

அந்தக் குகை ஸ்டேஜ் முழுக்கப் பின்னணி கறுப்புதான். கொஞ்சம் பாறை, கொஞ்சம் தீ, மீதியெல்லாம் இருட்டு. அதனால் ஆட்டமும் தெரிந்தது, பாம்பும் தெரிந்தது. ஒரே கண்ணாடியில். என் ஆள் குதிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே அந்தத் தலை. அவர் கதவோரம் ஒரு அடி எடுத்து வைத்தால் அது விரிந்து எழும்பும். அவர் நின்றுவிட்டால் மெதுவாக இறங்கும். மறுபடி எடுத்து வைப்பார், மறுபடி எழும்பும். அப்புறம் அவர் அசையவே இல்லை. கையில் செல்போன் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. யாருக்கோ எழுதிக்கொண்டிருக்கிறார் என்று ஊகித்தேன்.

எழுதிக்கொண்டே பேசினார். "அந்தச் செவப்பா ஒண்ணு குதிக்குதே, அது என்னா?"

"அது தீங்க. அதத் தொட்டா உயிரு போயிரும்" என்றேன்.

என் குரல் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வகுப்பில் பாடம் நடத்துகிற குரல். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியக் கூடாது. அது மட்டும் எப்படியோ உறுதியாக மனதில் இருந்தது. தெரிந்தால் அவர் தைரியம் போய்விடும். பாய்ந்து வந்து என்னை இழுக்கப் பார்ப்பார். அந்தப் பாய்ச்சலில் யார் மேல் பல் பட்டாலும் இங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம்!

"எத்தன உயிரு பாக்கி?"

"ஒண்ணுதாங்க."

"பாத்து ஆடு" என்றார்.

விரலுக்கு வேலை இருக்கும்வரை தொண்டை சும்மா இருந்தது என்பதுதான் உண்மை. அந்தப் பொத்தான்கள் இல்லாவிட்டால் நான் கத்தியிருப்பேன். உள்ளங்கை வியர்த்து ஜாய்ஸ்டிக் வழுக்கியது. மடக்கிய கால்கள் முதலில் வலித்து, பிறகு ஊசி குத்தி, அப்புறம் மரத்தே போயின. அவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். ஏணி எதற்கு, அந்தப் பெட்டியை உடைத்தால் என்ன வரும், இவன் ஏன் திரும்பி நடக்க மாட்டேன் என்கிறான். நான் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். வெளியே தெருவில் யாரோ நடந்து வருகிற சத்தமும், எதிர்வீட்டு அண்ணன் "யாரும் உள்ள போவாதீங்க, அங்கயே நில்லுங்க" என்று அடங்கிய குரலில் சொல்வதும் கேட்டது. கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

குகையின் முடிவில் ஒரு ராட்சசன் வருவான். எனக்கு எப்போதும் சுலபமாகச் சாகிறவன்தான். அன்றைக்கு இரண்டாவது அடியிலேயே என் ஆளை விழுங்கிவிட்டான். ஆட்டம் முடிந்த இசை வந்தது.

பின்னால் அவர் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. காரணம் தெரியும். ஆட்டம் முடிந்தால் நான் ஜாய்ஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு காலையும் நீட்டி, கையைத் தூக்கிச் சோம்பல் முறிப்பேன். எத்தனையோ தடவை பார்த்துக் கிண்டல் செய்திருக்கிறார்.

"போச்சுங்க. மொதல்ல இருந்து ஆடுறேன், பாருங்க" என்றேன்.

"ஆடு, ஆடு" என்றார். அழுகிற மாதிரி இருந்தது.

பொத்தானை அழுத்தினேன். காடு வந்தது. அப்போதுதான் நான் செய்தது புரிந்தது. அந்தக் காடு ஸ்டேஜ் முழுக்கப் பச்சையும் நீலமுமாகப் பளிச்சென்று இருக்கும். கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லை. அவரும் இல்லை, அதுவும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த பயம் பெரிதல்ல, பார்க்க முடியாத பயம்தான் பெரிது என்பதை அந்த மரங்களுக்கு நடுவே தெரிந்துகொண்டேன். எங்கே இருக்கிறது? தலையை இறக்கியிருக்கிறதா? அவரைப் பார்க்கிறதா, என் முதுகைப் பார்க்கிறதா?

தோளில் புடவை மெல்ல இழுபட்டது.

இடுப்புக்குப் பின்னால் பட்டு உரசுகிற ஒரு சின்னச் சத்தம். பிறகு என் இடது பாதத்தின் மேல் ஒரு கனம். கால் மரத்திருந்ததால் குளிர்ச்சி தெரியவில்லை. கனம் மட்டும் தெரிந்தது. ஈரத்துணியை யாரோ மெதுவாக இழுத்துக்கொண்டு போவது மாதிரி நகர்ந்தது. வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நீளமா என்று நினைத்தேன். என் ஆள் ஒரு மரக்கட்டை மேல் நின்றுகொண்டு அங்கேயே மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்தான். நான் அவனை மட்டுமே பார்த்தேன். கண்ணின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் ஒன்று வழிந்து போனது.

அது டிவி முக்காலியைப் பார்த்துத்தான் போனது. குறுக்கே ஜாய்ஸ்டிக் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கையை ஒரு விரற்கடை மேலே தூக்கினேன். ஒயரும் எழும்பியது. பாம்பின் தலை ஒயருக்கு அடியில் புகுந்து முக்காலிக்குக் கீழே இருட்டுக்குள் போனது. வால் இன்னும் என் கால் மேல் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

"இப்ப நான் வர்றேன். ஜாய்ஸ்டிக்கக் கீழ போட்றாத, கைலயே வச்சிக்க" என்றார்.

வெறுங்காலோடு சத்தமில்லாமல் வந்தார். என் அக்குளுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, எழுப்பாமல், உட்கார்ந்த வாக்கிலேயே பின்பக்கம் இழுத்தார். பட்டுப் புடவை டைல்ஸ் மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஒயர் விறைத்தது. "விட்டுரு" என்றார். விட முடியவில்லை. விரல்கள் திறக்கவே இல்லை. அவர் குனிந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து, ஜாய்ஸ்டிக்கை எடுத்து மெல்லத் தரையில் வைத்தார். அதன் பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார் பாருங்கள், வாசல் படியில் இரண்டு பேரும் விழுந்தோம்.

தெருவில் ஊரே நின்றது. உள்ளே அந்த ஆட்டத்தின் இசை மட்டும் டிங் டிங் என்று ஓடிக்கொண்டிருந்தது. போய் நிறுத்த யாருக்கும் துணிச்சல் இல்லை.

கொஞ்ச நேரத்தில், அவர் அனுப்பிய மெசேஜைப் பார்த்து எதிர்வீட்டு அண்ணன் கூப்பிட்டிருந்த தீயணைப்பு வண்டி வந்தது. முன்பின் தெரியாத ஆட்கள், மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். அடாப்டர் சூட்டை ஒட்டிச் சுருண்டிருந்ததாம். நல்ல பாம்புதான். கொக்கிக் கம்பியால் பிடித்துச் சாக்கில் போட்டுக் கட்டினார்கள். "கரும்பு வெட்டுனா எலி வீட்டுக்கு வரும், அது பின்னாடியே இதுவும் வரும். கொல்லைக் கதவச் சாத்தியே வைங்கம்மா" என்றார் அவர்களில் ஒருவர். காப்புக்காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதாகச் சொல்லிப் போனார்கள்.

எதிர்வீட்டுப் படியில் எனக்குக் காபி கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். என் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நல்லவேள, உனக்குத் தெரியாமயே போச்சு. தெரிஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சாலே..."

"அந்தக் குகை வர்றதுக்கு முன்னாடியே பாத்துட்டேங்க" என்றேன். "டிவி கண்ணாடில தெரிஞ்சுது."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் என்னையே பார்த்தார். "அப்ப அந்த ஏணி, பெட்டி, தீ எல்லாம்... தெரிஞ்சேதான் சொன்னியா?"

"நீங்க கேட்டீங்கல்ல."

அவ்வளவுதான். அந்த மனிதர் தெருவென்றும் பார்க்காமல் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. எனக்கு ராத்திரிதான் காய்ச்சல் வந்தது. இரண்டு மூன்று நாள் விடவில்லை.

இதற்குப் பிறகு பாம்பு பயம் போய்விட்டது என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். பாடப்புத்தகத்தில் இப்போதும் தாள் ஒட்டித்தான் நடத்துகிறேன். அந்த டிவி இருக்கிற பக்கம் போகவே எனக்கு நாளாயிற்று. மகள் பெரம்பலூர் ஹாஸ்டலில்தான் படிக்கிறாள். அந்தச் சண்டையில் அவர்தான் ஜெயித்தார். போன் செய்யும்போது அவள், "நல்லா சாப்புட்டேம்மா, நல்லா தூங்குறேம்மா" என்று சாதாரணமாகத்தான் சொல்வாள். முன்பென்றால் சரி என்று வைத்திருப்பேன். இப்போது இன்னும் கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் வைக்கிறேன். ஏனென்றால், நம்மேல் பிரியம் உள்ளவர்கள் மிகச் சாதாரணமான குரலில் மிகச் சாதாரணமான ஒன்றைப் பேசும்போது, தங்கள் பயம் நம்மைத் தொட்டுவிடக் கூடாது என்று எவ்வளவு பாடுபட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.